‘ஸார், ஒரு சந்தேகம்!’

பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை வீடு திரும்பியதும் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? “இன்றைக்கு என்ன பாடம் நடந்தது?” “கணக்கில் எத்தனை மார்க்?” “சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தாயா, இல்லையா?” மூன்றும் முக்கியமான கேள்விகள்தாம். மூன்றாவது கேள்வி மிகமிக முக்கியம் என்பதில் தாய்மார்களிடையே அபிப்பிராய பேதமே கிடையாது! ஆனால், “இன்றைக்கு நீ வாத்தியாரிடம் என்ன கேட்டாய்?” என்று விசாரிக்கும் தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்?

அப்படி விசாரித்த ஒரு தாயார் இருந்தார். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் வளர்ந்தவர் இஸிடார் ராபி என்ற விஞ்ஞானி. 1944-ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. “நீங்கள் எப்படி விஞ்ஞானி ஆனீர்கள்?” என்று கேட்டவர்களுக்கு, தம் தாயாரைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். மற்ற வீட்டுத் தாய்மார்கள், ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்பார்களாம். ராபியின் தாயார் மட்டும், ‘இன்று நல்ல கேள்வி ஏதாவது கேட்டாயா?’ என்று கேட்பாராம். அந்த ஒரு கேள்வியின் பலன் எங்கே போய் முடிந்தது, பார்த்தீர்களா?

நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் நோபல் பரிசு வாங்கியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று, குரல் நடுங்காமல், மரியாதை குறையாமல், “ஸார், ஒரு சந்தேகம்!” என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கும், அது தெரியாத குழந்தைக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேசப் போகிறேன்.

தறிக்குழியில் ஒரு வகுப்பு

அதற்கு முன் உங்களை ஆரணிக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பாதிப் பேருக்கு அரிசி ஞாபகம் வரும். மீதிப் பேருக்குப் பட்டுச் சேலை ஞாபகம் வரும். உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். ஆரணிப் பட்டு ஒன்றாவது மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கலாம்.

நெசவாளர் வீட்டில் தறி என்பது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் சாமான் அல்ல. வீட்டின் பெரிய பாகத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கும். குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார் வீட்டுக்காரர். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். அந்தத் தொழிலுக்குக் கரும்பலகையும் கிடையாது, பாடப் புத்தகமும் கிடையாது. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தறி வகுப்பில் ஒரு முக்கியமான ஒழுங்கு உண்டு. பாவில் இழை ஒன்று அறுந்துவிட்டால், அதை முதலில் பார்த்தவர் உடனே சொல்லிவிட வேண்டும். ‘பெரியவர் நெய்துகொண்டிருக்கிறார், நடுவில் பேசினால் கோபிப்பாரோ’ என்று தயங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அறுந்த இடத்தை விட்டுவிட்டுத் துணி வளர்ந்துகொண்டே போகும். ஒரு விரற்கடைக் குற்றம் ஒரு முழக் குற்றமாகிவிடும். பிறகு அதைச் சீர் செய்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். அதற்காகக் கூச்சல் போட்டுக் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இழுத்தால் நன்றாக இருக்கும் இழையும் அறுந்து போகும். சரியான சமயத்தில், சரியான குரலில், விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

வகுப்பறையும் இதே கதைதான். ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே கேட்டுவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. கேட்காமல் விட்டால் அது ஏழாம் வகுப்புக்கும் கூடவே வரும். எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பத்தாம் வகுப்புப் பரீட்சையன்று வெளியே வந்து பல்லைக் காட்டும்!

கூடத்துக்குள் வந்த பள்ளிக்கூடம்

இந்தக் கேட்கும் பழக்கத்துக்கு ஒரு பெரிய சோதனை 2020-ஆம் ஆண்டில் வந்தது. அந்த வருஷம் மார்ச் மாதம் கொரோனாத் தொற்றுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஊரடங்கு மார்ச் 25-ஆம் தேதி தேசம் முழுவதும் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் மட்டுமா? உலகம் முழுவதிலும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் அந்தச் சமயத்தில் வீட்டோடு முடங்கினார்கள் என்று யுனெஸ்கோ நிறுவனம் கணக்குச் சொல்லியது.

பள்ளிக்கூடத்துக்குக் குழந்தை போக முடியவில்லை. ஆகவே பள்ளிக்கூடம் குழந்தையைத் தேடி வீட்டுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடங்களை ஒளிபரப்பியது. வசதியுள்ள பள்ளிகள் ஸூம் என்றும், கூகுள் மீட் என்றும் கைபேசித் திரையிலேயே வகுப்பு நடத்தின. வேறு பல ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றை ஏற்படுத்தி, பாடத்தையும் கேள்விகளையும் அதில் அனுப்பினார்கள்.

தொலைக்காட்சியில் ஒரு சங்கடம் உண்டு. அது பேசும்; ஆனால் கேட்காது. “ஸார், ஒரு சந்தேகம்!” என்று குழந்தை அதற்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். கைபேசி வகுப்பு அப்படியல்ல, அதில் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன்னால் எத்தனை இடைஞ்சல்கள்!

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரே கைபேசி. அது அப்பாவுடையது. நூல் வந்ததா, சேலையை எப்போது கொடுப்பது, கூலி எப்போது கிடைக்கும் என்ற பேச்சு வார்த்தையெல்லாம் அந்தக் கைபேசியில்தான். காலை பத்து மணிக்கு மூத்தவளுக்கு அறிவியல் வகுப்பு. அதே பத்து மணிக்கு இளையவனுக்குக் கணக்கு வகுப்பு. போதாததற்குத் தறியின் ‘டக் டக்’ ஓசை. ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பெண் ஒலிவாங்கியைத் திறந்தால், முதலில் தறிதான் “உள்ளேன் அம்மா!” என்கிறது. அங்கே நாற்பது குழந்தைகள் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாயைத் திறப்பாளா?

மாட்டாள். ஆசிரியையோ, ‘இந்தப் பெண்ணுக்குப் பாடத்தில் அக்கறையே இல்லை, கூப்பிட்டால் பதிலே சொல்வதில்லை’ என்று எண்ணிக்கொள்வாள். இரண்டு பேரும் நல்லவர்கள்தாம். நடுவில் ஒரு இழை அறுந்துவிட்டது; சொல்வாரில்லை.

இப்படி வாய் மூடிய குழந்தைகள் கொஞ்சங் கொஞ்சமாக வகுப்பிலிருந்தே நழுவிவிடுகிறார்கள் என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டிய விஷயம். பட்டுத் தொழில் நடக்கும் ஊர்களில் சிறு கைகளுக்கு வேலை எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். 14 வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. வீட்டுத் தொழிலில் ஒத்தாசை செய்வதானாலும், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில்தான் செய்யலாம். சட்டம் இருக்கிறது, சரிதான். ஆனால் ‘பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது’ என்று எண்ணும் குழந்தையை எந்தச் சட்டத்தினால் வகுப்பில் பிடித்து வைக்க முடியும்?

நெருப்பில் குளிர் காய்வது போல

“அந்தக் காலத்தில் குருவுக்கு முன்னால் சிஷ்யன் வாய் திறப்பானா? கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு அல்லவா?” என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் நன்னூலை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் நலமாயிருக்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. எழுத்தும் சொல்லும் சொல்லித் தருவதற்கு முன்னால், பாயிரத்திலேயே ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்றெல்லாம் முனிவர் வகுத்து வைத்துவிட்டார்.

மாணாக்கன் சமயம் அறிந்து ஆசிரியரிடம் போக வேண்டும், வணங்க வேண்டும், உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், காதையே வாயாக வைத்துக்கொண்டு பாடத்தைப் பருக வேண்டும், போகச் சொன்ன பிறகுதான் போக வேண்டும். ஆசிரியரிடம் பழகுவதற்கு அவர் சொல்லும் உவமானம் மிகவும் அழகானது. குளிர் காய்கிறவன் நெருப்பை விட்டு விலகியும் போகமாட்டான். நெருங்கிப் போய்ச் சுட்டுக்கொள்ளவும் மாட்டான். அந்த அளவான தூரந்தான் குருவுக்கும் மாணாக்கனுக்கும் இருக்க வேண்டியது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன அதே முனிவர், நூல் பயிலும் முறைகளில் ஒன்றாகக் கேள்வி கேட்பதையும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதையும் சேர்த்திருக்கிறார். ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை குறையும் என்றும், மூன்றாம் முறை கேட்பவன் அதைப் பிறருக்கே முறையாக எடுத்துச் சொல்வான் என்றும் சொல்லியிருக்கிறார். ‘ஒரு தடவைதான் சொல்வேன்; கேட்டுக்கொள்’ என்று கண்ணை உருட்டும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்! ஆசிரியர் சொன்னதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டாலும் அது கால் பங்குதானாம். உடன் படிப்பவர்களோடு சேர்ந்து பயில்வதில் இன்னொரு கால் பங்கு. மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்தான் மீதி அரைப் பங்கும் கிடைக்குமாம். பேசாத மாணாக்கனுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாணாக்கரைத் தரம் பிரித்ததோடு முனிவர் நின்றுவிடவில்லை. ஆசிரியரையும் விட்டு வைக்கவில்லை. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அவர் சொல்லும் உவமானங்களில் ஒன்று மடற்பனை. பனை மரத்தில் மட்டையெல்லாம் கருக்கு. யாரும் கிட்டே போக முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. அதுபோல யாரையும் அண்ட விடாமல், தாமாக மனம் வந்தபோது மட்டும் ஏதோ சொல்கிறவர் ஆசிரியர் ஆகார் என்பது அவர் தீர்ப்பு. ஆக, மரியாதை என்பது நம் பழைய முறைப்படியே இரண்டு பக்கமும் கரை போட்ட சேலை.

ஊருக்கு ஊர் வழக்கம் மாறலாம். ஜப்பானில் வகுப்புத் தொடங்கும்போது மாணவர்கள் எழுந்து நின்று ஆசிரியருக்குத் தலை வணங்குகிறார்கள். பின்லாந்தில் குழந்தைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அங்கே அது அவமரியாதை அல்ல. நம் ஊரிலோ ‘ஸார்’ என்றும், ‘டீச்சர்’ என்றும், ‘ஐயா’ என்றும், ‘அம்மா’ என்றும் அழைக்கிறோம். அழைக்கும் சொல் எதுவானாலும் அதற்கு உள்ளே இருக்க வேண்டியது ஒன்றுதான்: ‘உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும், என் சந்தேகத்தின் அருமை உங்களுக்குத் தெரியும்’ என்ற நம்பிக்கை.

வகுப்பறையில்…

சரி, குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? முதலில் நேரில் நடக்கும் வகுப்பை எடுத்துக்கொள்வோம்.

ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரையில் பொறுத்திருந்து கையை உயர்த்த வேண்டும். அவர் தலையசைத்ததும் எழுந்து நின்று, எது புரிந்தது, எது புரியவில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். “ஒன்றுமே புரியவில்லை ஸார்!” என்றால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? “இந்த இரண்டாவது வரி வரையில் புரிந்தது ஸார், மூன்றாவது வரியில் எட்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை” என்றால் அவருக்கும் உற்சாகம் உண்டாகும், வகுப்பில் வாய் திறக்காத பத்துப் பேருக்கும் சேர்ந்து விடை கிடைக்கும்.

ஆசிரியர் கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரும் மனுஷர்தானே? “ஸார், தப்பு!” என்று பெஞ்சிலிருந்து கூவுவது ஒரு விதம். “ஸார், அந்த இடத்தில் ஏழு வருமா, ஒன்பது வருமா?” என்று கேட்பது இன்னொரு விதம். இரண்டாவது விதத்தில் தப்பும் திருந்தும்; முகமும் வாடாது.

எல்லார் எதிரிலும் சொல்ல முடியாத விஷயங்கள் சில உண்டு. வீட்டில் பணக் கஷ்டம், உடம்புக்கு முடியாமை, பெண் குழந்தைகளின் மாதாந்தரச் சிரமம் இவைகளை வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் தனியாகச் சொல்லலாம். அல்லது ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். ‘சொன்னால் என்ன நினைப்பார்களோ’ என்று மென்று விழுங்க வேண்டியதில்லை.

கைபேசியில்…

பள்ளிக்கூடங்கள் திறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. 2021 செப்டம்பரில் பெரிய வகுப்புகளும், நவம்பரில் சின்ன வகுப்புகளும் நேரில் நடக்கத் தொடங்கின. 2022 ஜனவரியில் மீண்டும் கொஞ்ச நாள் மூடிப் பிப்ரவரியில் திறந்தார்கள். ஆனாலும் வீட்டுக்குள் வந்த கைபேசி வகுப்பு முற்றிலும் வெளியே போய்விடவில்லை. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, மழை விடுமுறையில் ஒரு திரை வகுப்பு, மாலையில் ஒரு திரை டியூஷன் என்று அது திண்ணையில் உட்கார்ந்துகொண்டேயிருக்கிறது. ஆகையால் அதற்குரிய மரியாதைகளையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஐந்து நிமிஷம் முன்னதாகவே தயாராகிவிட வேண்டும். திரையில் குழந்தையின் பெயர் தெரிய வேண்டும். அப்பாவின் கைபேசியில் அப்பாவின் பெயரோ, கடையின் பெயரோ இருக்கும். ஆசிரியை பாவம், ‘சில்க்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து யாரென்று கண்டுபிடிப்பாள்? ஒலிவாங்கியை மூடி வைத்திருந்து, பேச வேண்டிய சமயத்தில் மட்டும் திறக்க வேண்டும். கை உயர்த்தும் குறி திரையிலேயே இருக்கிறது, அதை உபயோகிக்கலாம். வீட்டில் சந்தடி அதிகமானால், சந்தேகத்தை எழுத்தில் கேட்கலாம். தறி ஓசை கேட்குமே என்று வெட்கப்பட வேண்டியதே இல்லை. “டீச்சர், எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது, நான் எழுதிக் கேட்கட்டுமா?” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. தறி ஓடும் வீடு உழைக்கும் வீடு. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்தது, ஆசிரியருக்கு எழுதும் செய்தி. கைபேசியில் எழுதும்போது நம் குழந்தைகளுக்குத் தமிழே மாறிவிடுகிறது. இதோ ஒரு மாதிரி:

“ஹாய் மேம். நோட்ஸ் அனுப்பவும்.”

இதில் ‘அனுப்பவும்’ என்ற சொல்லைப் பாருங்கள். தாலுகா கச்சேரியிலிருந்து வரும் ஓலை போல இல்லை? எழுதிய குழந்தை மரியாதை என்று எண்ணித்தான் எழுதியிருக்கும். ஆனால் படிக்கிறவருக்கு அது கட்டளையாகத் தொனிக்கிறது. பேசும்போது குரலின் குழைவு அதைச் சரிக்கட்டிவிடும்; எழுத்தில் குரல் கிடையாதே! அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“வணக்கம் டீச்சர். நான் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு” — இங்கே பெயர் — “காய்ச்சலாக இருந்ததால் நேற்று வகுப்புக்கு வர முடியவில்லை. நேற்றைய அறிவியல் பாடத்தின் குறிப்பை நேரம் கிடைக்கும்போது அனுப்ப முடியுமா? நன்றி.”

வணக்கம், யார், ஏன், என்ன வேண்டும், நன்றி — ஐந்தே விஷயங்கள். எழுதுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். ஆனால் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் உதவும். நாளைக்கு உத்தியோகத்துக்கு மனுப் போடும்போதும் இதே ஐந்துதான்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். இரவு பத்து மணிக்குச் சந்தேகம் வரலாம், தப்பில்லை. அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு காலையில் அனுப்பலாம். டீச்சரும் ஒரு வீட்டு அம்மாள்தானே? அவளுக்கும் நாளைக்கு இட்லிக்கு மாவு அரைக்க வேண்டியிருக்கும். அவள் வீட்டுக் குழந்தைக்கும் பாடம் சொல்லித் தர வேண்டியிருக்கும். அனுப்பிய பத்தாவது நிமிஷத்தில், ‘என்ன மேம், பதிலே இல்லை?’ என்று இரண்டாவது செய்தி விடுவது அழகல்ல. ஒரு நாள் பொறுத்து, “டீச்சர், நேற்றுக் கேட்டதை ஞாபகப்படுத்துகிறேன்” என்று எழுதினால் போதும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்புக் குழுவில் தினம் காலையில் ரோஜாப் பூவும் ‘குட் மார்னிங்’கும் அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பூக்களின் குவியலுக்கு அடியில் வீட்டுப்பாடம் புதைந்து போகிறது!

ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும்

இவ்வளவும் குழந்தைகளுக்கு மட்டுந்தானா என்று கேட்பீர்கள். இல்லை, மறுபக்கத்துக் கரையையும் பார்க்க வேண்டாமா?

2009-ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவு, குழந்தையை அடிக்கக் கூடாது என்பதோடு, மனத்தை வருத்தவும் கூடாது என்கிறது. சந்தேகம் கேட்ட குழந்தையை, “இதுகூடத் தெரியாதா? உன்னை யார் இந்த வகுப்பில் போட்டது?” என்று நாற்பது பேர் எதிரில் கேட்பது பிரம்படிக்குக் குறைந்ததா, சொல்லுங்கள். பிரம்பின் தழும்பு நாலு நாளில் மறைந்துவிடும்.

திரை வகுப்பில் ஆசிரியருக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. வகுப்பறையில் எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி பெஞ்சில், ஒரே மாதிரி சீருடையில் உட்கார்ந்திருப்பார்கள். திரையிலோ ஒரு குழந்தைக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும். இன்னொரு குழந்தைக்குப் பின்னால் ஓட்டுக் கூரையும் கொடியில் காயும் துணியும் தெரியும். படம் தெரியாமல் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை திமிரினால் அப்படிச் செய்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூச்சமாக இருக்கலாம்; கைபேசியில் பணம் தீர்ந்துகொண்டிருக்கலாம். தனியாக ஒரு வார்த்தை விசாரித்தால் தெரிந்துவிடும்.

பாடம் முடிந்ததும் ஐந்து நிமிஷமாவது சந்தேகத்துக்கென்று ஒதுக்க வேண்டும். “யாருக்காவது சந்தேகமா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த விநாடியே “இல்லையா? சரி!” என்று முடித்துவிடக் கூடாது. கூச்சப்படும் குழந்தைக்குத் தைரியத்தைத் திரட்டிக்கொள்ள அரை நிமிஷமாவது வேண்டும். மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில், முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிஷ வகுப்புகள் இரண்டுக்கு மேல் திரையில் கூடாது என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையில் நான்குக்கு மேல் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கும் மனத்துக்கும் ஓய்வு கொடுத்தால்தான் கேள்வி பிறக்கும்.

பள்ளிகள் திறக்கும் தறுவாயில், 2021 அக்டோபரில், தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பு வரையில் உள்ள குழந்தைகளுக்கு மாலை வேளையில் தெருவிலேயே பாடம். சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். திண்ணையில் சுற்றி உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காளிடம் கேட்கும்போது குழந்தைக்கு நாக்கு ஒட்டிக்கொள்வதில்லை. பயம் போனால் கேள்வி தானே வருகிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

மரியாதை வேறு, மௌனம் வேறு

இனிச் சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் மீது மாணவிகள் புகார் செய்தார்கள். திரை வகுப்பில் அவர் நடந்துகொண்ட விதமும், மாணவிகளுக்கு அனுப்பிய செய்திகளும் முறைகேடானவை என்பது புகார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். அதையடுத்து முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஆலோசனைக் கூட்டம் நடத்தினார். திரை வகுப்புகளை முழுவதும் பதிவு செய்து வைக்க வேண்டும். பள்ளி நிர்வாகத்துடன் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து அவ்வப்போது அந்தப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். வகுப்பறைக்கு வருவது போலவே ஆசிரியரும் மாணவரும் கண்ணியமாக உடுத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் அரசு உத்தரவிட்டது.

இந்தச் செய்தி நமக்குச் சொல்லும் பாடம் என்ன? ஆசிரியர்கள் எல்லாரையும் சந்தேகிக்க வேண்டும் என்பதா? கூடவே கூடாது. ஆயிரமாயிரம் ஆசிரியர்கள் அந்த நாட்களில் சொந்தக் காசைச் செலவழித்து, தெருத் தெருவாகப் போய்ப் பாடம் சொன்னார்கள். ஆனால், ‘வாத்தியார் சொன்னால் மறு பேச்சுப் பேசாதே’ என்று மட்டும் சொல்லி வளர்க்கும் குழந்தைக்கு, பேச வேண்டிய சமயத்திலும் வாய் வராது. பின்னம் புரியவில்லை என்று சொல்லப் பயந்த குழந்தை, ‘இவர் அனுப்பிய செய்தி எனக்குப் பிடிக்கவில்லை’ என்று மட்டும் தைரியமாகச் சொல்லிவிடுமா? இரண்டுக்கும் வேண்டியது ஒரே தைரியந்தான்.

நெருப்பில் குளிர் காயும் உவமானத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அளவான தூரம் என்பது மாணாக்கனைப் போலவே ஆசிரியரையும் கட்டுப்படுத்தும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் இரவில் தனியாகச் செய்தி அனுப்புவது, ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று ரகசியம் பேசுவது, போட்டோ அனுப்பு என்று கேட்பது இவையெல்லாம் அந்தத் தூரத்தைத் தாண்டியவை. அந்த இடத்தில் குழந்தை பணிய வேண்டியதில்லை. “உனக்குச் சங்கடமாகத் தோன்றுவது எதுவானாலும் என்னிடம் சொல், உன்னை நான் கோபிக்க மாட்டேன்” என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். வீட்டில் சொல்ல முடியாத குழந்தைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்வி சம்பந்தமான உதவிக்கு 14417 என்ற எண்ணும் இருக்கிறது. இரண்டையும் அடுக்களைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அம்மாவின் வகுப்பு

கடைசியில் எல்லாம் வீட்டுக்குத்தான் வந்து சேருகிறது. வகுப்பில் கேட்கத் தெரிந்த குழந்தை வீட்டில் கேட்டுப் பழகிய குழந்தைதான்.

உலையில் அரிசி கொதிக்கிறது; நீங்கள் அவசரத்தில் இருக்கிறீர்கள். “அம்மா, ஒரு சந்தேகம்!” என்று குழந்தை வந்து நிற்கிறது. “போடா, தொந்தரவு பண்ணாதே!” என்று சொல்ல ஒரு விநாடி ஆகும். “பத்து நிமிஷம் பொறு கண்ணா, சோற்றை இறக்கிவிட்டு வருகிறேன்” என்று சொல்லவும் அதே ஒரு விநாடிதான். முதல் பதிலில் குழந்தை, கேட்பது தப்பு என்று கற்றுக்கொள்கிறது. இரண்டாவது பதிலில், கேட்பதற்குச் சமயம் உண்டு என்று கற்றுக்கொள்கிறது. பத்து நிமிஷம் கழித்து நீங்கள் போக மறந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம்!

“எனக்குப் படிப்பில்லையே, நான் என்ன பதில் சொல்வேன்?” என்று சில தாய்மார்கள் தயங்கலாம். பதில் தெரிய வேண்டும் என்று யார் சொன்னார்கள்? “எனக்குத் தெரியாது, நாளைக்கு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்து எனக்கும் சொல்” என்று அனுப்புங்கள். மறுநாள் மாலை குழந்தை உங்களுக்குப் பாடம் சொல்லும். நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு அப்போது கிடைத்துவிடும். கேட்பதற்கு ஓர் ஆசிரியர், சொல்வதற்கு ஒரு அம்மா. குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

நாளை மாலை குழந்தை வந்ததும் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு டப்பாவைப் பற்றித் தாராளமாக விசாரியுங்கள். அதற்குப் பிறகு, “இன்றைக்கு டீச்சரிடம் என்ன கேட்டாய்?” என்று விசாரியுங்கள். முதல் நாள் குழந்தை விழிக்கும். இரண்டாம் நாள், “ஒன்றும் கேட்கவில்லையே!” என்று சொல்லும். மூன்றாம் நாள் வகுப்பில் மெதுவாக ஒரு கை உயரும்.